ஆடி மாதத்து மண்டபமும் கார்பெட்டில் உருண்ட வண்டியும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கல்யாண மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கும். ரிமோட்டில் ஓடும் சின்னக் காரை உள்ளே ஓட்டிப் பார்க்க, பாளையங்கோட்டையில் தெரிந்த அண்ணாச்சி ஒருவரிடம் மூன்று நாளைக்கு மண்டபத்தைக் கேட்டேன். "சும்மாதானே கிடக்கு, கரண்டு பில்லை மட்டும் கட்டிட்டு ஓட்டுங்க" என்றார். பந்தல்காரரிடம் கார்பெட்டை வாடகைக்கு எடுத்து, மடிப்பு விழாமல் இழுத்து விரித்து, அடியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு, பி.வி.சி. பைப்பால் ஓரம் கட்டினோம். வண்டி ஏறித் தாவ பிளைவுட்டில் இரண்டு ஜம்ப், அதன் மேலும் கார்பெட்.

என் வண்டி நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கர ஓட்டம், 17.5 டர்ன் (கம்பிச் சுற்று) மோட்டார், இரண்டு செல் லிப்போ பேட்டரி. இதுவரை ஓடியதெல்லாம் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணில், அதாவது செம்மணல் மேட்டில். அங்கே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டினாலே பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், அதனால் வண்டிக்கு எப்படிப் பிடி ஏற்றுவது என்பதுதான் ஓயாத யோசனை. அதே செட்டப்போடு, டயரை மட்டும் சின்னச் சின்ன முள் வைத்த மினி பின்னுக்கு மாற்றி இறக்கினேன். முதல் வளைவிலேயே குப்புற. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில். "ஏய், வழுக்கலடே, உருளுது!" என்று மச்சான் கத்தினான். அவன் சொன்னது சரிதான். கார்பெட்டில் பிடி அதிகம். முன்பக்கத்து வெளிச் சக்கரத்தின் ஓரம் கார்பெட்டைக் கவ்விக்கொள்ளும், சக்கரம் நின்றுவிடும், உடம்பு மட்டும் மேலே போகும். அப்புறம் கவிழாமல் என்ன செய்யும்?

முதலில் தரைக்கும் வண்டியின் அடிப்பலகைக்கும் உள்ள உயரத்தைக் குறைத்தோம். பேட்டரியை உள்ளே வைத்து, ஷாக்கில் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையமான காலரைத் திருகி, 24 மில்லிமீட்டரிலிருந்து 17-க்கு. தேரியில் 17 வைத்தால் அடிப்பலகை மண்ணை உழும், இங்கே தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முன் ஸ்பிரிங்கை ஒரு படி கடினமாக்கி, ஷாக் எண்ணெயை 30 வெயிட்டிலிருந்து இன்னும் கெட்டியான 37.5-க்கு மாற்றினேன். இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலில், கெட்டியான 7,000 சிஎஸ்டி சிலிக்கான் எண்ணெய். அதற்குமுன் வளைவை விட்டு வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது, அது அடங்கியது. ஸ்டியரிங் திரும்பும் அளவையும் ரிமோட்டில் குறைத்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி அரைகுறையாகத்தான் நின்றது. உருளுவதை முழுக்க நிறுத்தியது ஃபெவிக்விக். முன் டயரைக் கழற்றி, சக்கரத்தை விரலில் மாட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டே, வெளிப்பக்கச் சுவரில் மட்டும் ஒரு மெல்லிய கோடு. முள் வரிசைக்கு மேலே ஏறிவிடக் கூடாது. நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு பூச்சு. நகத்தால் தட்டினால் ரப்பர் மாதிரி அமுங்காமல் டக்கென்று சத்தம் வரணும். அந்த ஓடு வந்துவிட்டால் டயரின் ஓரம் மடங்கிக் கவ்வாது, கார்பெட்மேல் சறுக்கிவிடும். அன்று சாயங்காலம் அதே வளைவில் முழு வேகத்தில் போனேன், உள்பக்கச் சக்கரம் லேசாக எழும்பித் திரும்ப உட்கார்ந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

கார்பெட்டுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, பஞ்சு. இரண்டாம் நாள் மோட்டார் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதே என்று பின்சக்கரத்தைக் கழற்றினால், பேரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே சிவப்பு நூல் திரி மாதிரி இறுகச் சுற்றிக் கிடக்கிறது. ட்வீசரால் நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதை எடுத்துவிட்டு, மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனிலும் ஒரு பல் குறைத்தேன். பிடி அதிகமான தரையில் மோட்டாருக்குச் சுமையும் அதிகம், தேரிக்கு வைத்த பல் இங்கே ஆகாது.

மூன்றாம் நாள் ராத்திரி கார்பெட்டைச் சுருட்டி வேனில் ஏற்றினோம். ஓரம் பூசிய டயர்களைத் தனி டப்பாவில் போட்டு, மேலே 'மண்டபம்' என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அண்ணாச்சி மண்டபம் புக் ஆகிவிட்டதாம்.