சேலத்து வெயிலில் ஓவர்கிளாக்

புதிதாக ஓவர்கிளாக் செய்பவர்கள், அதாவது பிராசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட நினைப்பவர்கள், முதலில் பிராசசரைப் பாருங்கள். இன்டெல் என்றால் பெயரில் எண்ணுக்குப் பின் 'கே' வேண்டும், மதர்போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங் திரை) வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையர் எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்; 45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ், 46 என்றால் 4.6. ஒவ்வொரு படியிலும் பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளை ஓட்டி வெப்பத்தைக் கவனியுங்கள், 85 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். வோல்டேஜில்தான் உண்மையான ஆபத்து, அது கொஞ்சம் ஏறினாலே வெப்பம் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும்.

அப்புறம், ஏற்காட்டு நண்பரின் செட்டிங்கை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். அங்கே 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்காற்று. இங்கே அம்மாப்பேட்டையில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில், மே மாத மதியம் ஃபேன் காற்றே அனலாக அடிக்கும்போது, பிராசசர் மேல் மாட்டும் எந்த ஏர் கூலரும் அந்தக் காற்றைவிடக் கீழே பிராசசரைக் குளிர்விக்காது. அதனால் மதியம் 2 மணிக்கே டெஸ்ட் செய்யுங்கள்; அந்தச் சூட்டில் தாங்கினால் மற்ற நேரத்திலும் தாங்கும். பூட் ஆகவில்லையா? பதறாமல் சிமாஸ் கிளியர் (பயாஸ் செட்டிங்கை அழிப்பது) செய்தால் போதும், பழைய நிலைக்கு வந்துவிடும்.