நாலு மீனில் ஒன்று மீனில்லை

இன்று காலை ஏழரைக்கு மீன்காரத் தம்பி கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹோர்ன்கூட அடிக்காமல், "அக்கா, எந்த மீன் மீனில்லை?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை. பின்னால் றெஜிபோம் பெட்டி நிறைய மீன்.

எல்லாம் அந்த நியூயோர்க் டைம்ஸ்காரரின் சொல் விளையாட்டால் வந்த வினை. கனெக்‌ஷன்ஸ். 2023 ஜூனில் தொடங்கினார்கள். என்னைப் பழக்கிவிட்டது சித்தியின் மகன், ரொறன்ரோவில் இருக்கிற நம்முடைய சின்னவன்தான். பதினாறு சொல் தருவார்கள், நாலு நாலாகச் சேர்க்க வேண்டும். கூட்டத்துக்கு ஒரு நிறம். மஞ்சள் சுலபம், அப்புறம் பச்சை, நீலம். ஊதா மனிசரை விசராக்குவதற்கென்றே வைத்தது. அவரவர் ஊரில் நள்ளிரவு பன்னிரண்டு அடித்தால்தான் அன்றைய புதிர் திறக்கும். நான் இங்கே திருகோணமலையில் விடியப்புறம் பிளேன்ரீயோடு குந்தியிருந்து முடிக்கும்போது ரொறன்ரோவில் இன்னும் நேற்று. இந்தக் காலத்தில் ஒன்பதரை மணித்தியாலம் நான் முந்தி. வெளிநாட்டுக்காரரைவிட எனக்கு முதலில் கிடைக்கிற ஒரே சாமான் இதுதான். ஆகவே தினமும் அவனுக்கு ஒரு க்ளூ அனுப்புவேன். விடையைச் சொல்வதில்லை, அது பாவம்.

என் வீட்டுக்காரர் இவருடைய முறை வேறு. "நாலு பிழை விடலாம்தானே" என்று ஏதோ கூப்பன் கடையில் கிடைத்த பங்கு மாதிரி முதல் மூன்று பிழையையும் ஒரு நிமிடத்துக்குள் விட்டு முடிப்பார். நாலாவது பிழையோடு ஆட்டம் முடிந்துவிடும் என்பதை நானும் சொல்லிக் களைத்துவிட்டேன். "ஒன்றுதான் பிழை" என்று திரையில் வந்தால் போதும், பாஸ் பண்ணினதுபோல எனக்குத் தூக்கிக் காட்டுவார்.

நான் அப்படிக் கண்டபாட்டுக்கு அமத்தமாட்டேன். ஒரு கூட்டத்துக்கு நாலு சொல் உடனே கிடைத்தால் சந்தேகப்படுவேன். ஐந்தாவது எங்கேயாவது ஒளிந்திருக்கும். அந்த ஐந்தில் எதற்கு வேறு வீட்டிலும் வேலை இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் கை வைப்பேன். கலைக்கிற பொத்தானை ஐந்தாறு தரம் அமத்துவேன், ஏனென்றால் அவர்கள் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே ஏமாற்றுவார்கள். ஊதாவைத் தேடிப் போவதில்லை. மற்ற மூன்றையும் எடுத்தால் அது தானாக வந்து விழும். விழுந்த பிறகும் சில நாள் ஏன் என்று விளங்காது. தேனீ, தேத்தண்ணீர், கடல், கண். இதற்குள் என்ன உறவு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இங்கிலிஷில் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். பீ, ரீ, சீ, ஐ. நாலும் எழுத்து! இந்த மாதிரிக் குறும்பு.

அதையாவது பொறுக்கலாம். ஹீட், ஜாஸ், மேஜிக், நெட்ஸ் என்று நாலைப் போட்டுவிட்டு அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் என்றால் நான் எங்கே போவேன்? ஹீட் என்றால் எனக்கு ஏப்ரல் மாதம், நெட் என்றால் திருக்கடலூர்க் கரையில் காய்கிற வலை.

ஒருநாள் மாமிக்கும் பொழுது போகட்டும் என்று தமிழில் ஒன்று செய்து கொடுத்தேன். நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி, மனையாவெளி நாலையும் மற்ற ஊர்களுக்குள் கலந்து வைத்தேன். மாமி கண்ணாடியைப் போட்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிலாவெளியையும் பாலையூற்றையும் மூதூரையும் சீனன்குடாவையும் எடுத்து ஒரு பக்கம் வைத்தார். ஏன் மாமி என்றேன். "நாலு இடத்திலயும் எங்களிட்டக் காசு வாங்கிப்போட்டுத் தராத ஆக்கள் இருக்கினம்." எப்படிப் பிழை போடுவது? இதைவிட நல்ல ஊதா நியூயோர்க்கிலும் கிடையாது.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். இன்றைய புதிரில் பேஸ், பேர்ச், ஸ்கேட், ஃப்ளவுண்டர், சோல் என்று ஐந்து மீன். பக்கத்திலேயே ஹீல், லேஸ், டங். சோல் மீனும்தான், செருப்பின் அடியும்தான். அதைச் செருப்போடு விட்டால் இரண்டு கூட்டமும் சரி. உடனே சின்னவனுக்கு எழுதினேன்: "நாலும் மீன் என்று நம்பி எடுக்க வேண்டாம். அதில் ஒன்று மீனே இல்லை, செருப்போடு சேர வேண்டியது. போன கிழமையும் இப்படித்தான் ஏமாந்தேன்."

எழுதினது சின்னவனுக்கு. போனது மீன்காரத் தம்பியின் வாட்ஸ்அப் குழுவுக்கு.

அதுவும் எந்த நேரத்தில்? பாரை, சூரை, விளை, கணவாய் என்று நாலு பேசினில் வைத்துப் படம் எடுத்துப் போட்டு அவர் கையை எடுக்கவில்லை, கீழே என் தீர்ப்பு. நான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு இடியப்பம் அவிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் முப்பத்தொரு மெசேஜ். மூலைவீட்டு ரீச்சர் தன் சூரையை வேண்டாம் என்றுவிட்டார். இன்னொருவர், செருப்பு வைக்கிற இடத்திலா மீன் வெட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தார். ஓய்வுபெற்ற விஞ்ஞான மாஸ்டர் மட்டும், "கணவாய் மீன் அல்ல, மெல்லுடலி. சகோதரி சொல்வது சரி" என்று எனக்குச் சான்றிதழ் தந்திருந்தார். மன்னிப்புக் கேட்டு நான் போட்ட விளக்கத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. அமெரிக்கப் புதிர், சோல், லேஸ் என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

கேற்றடியில் வைத்துப் போனைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப இந்த ஒன்பது ஓடரை என்ன செய்யிறது அக்கா?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு கிலோ சூரை, ஒரு முழுப் பாரை, அந்த மெல்லுடலி ஒரு கிலோ. நாளைக்கு வெள்ளிக்கிழமை வேறு, வீட்டில் மச்சம் இல்லை. இவர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, "நாலாவது பிழை" என்றுவிட்டு வேலைக்குப் போனார்.

ஒன்பது முப்பத்தெட்டுக்குச் சின்னவனின் நிறக் கட்டங்கள் வந்தன. தோல்வி. கீழே: "சோலை மீனோட போட்டு மாட்டினன். ஏன் அக்கா இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை? சுகமில்லையோ?"

சித்தி போன பிறகு அவன் கோல் எடுப்பது குறைந்துவிட்டது. எடுத்தாலும் "ம்" தான். வேர்ஹவுஸில் இரவு வேலை, நடுச்சாமத்தில் அரை மணித்தியால பிரேக். அந்தக் கட்டங்கள் வந்தால் ஆள் நலம் என்று நானாக நினைத்துக்கொள்வேன். அவனும் என் க்ளூவை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது.

பதில் எழுதக் கை முழுக்கச் செதில். பாரையைப் படம் எடுத்து அனுப்பினேன், இந்த முறை பெயரை இரண்டு தரம் பார்த்து. உடனே வீடியோ கோல். போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்தேன். அவன் ஏதோ பாணைக் கடித்துக்கொண்டு, நான் வெட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தலையை என்ன செய்யப் போறீங்கள்?" என்றான்.

"சொதி."

"அம்மா மாங்காய் போடுவா."

மாங்காய் இருக்கவில்லை. மாமி மதிலால் எட்டிப் பக்கத்து வீட்டில் இரண்டு கேட்டு வாங்கினார்.