‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லோடு பத்து மாதம்: அம்மாவின் ஹெபடைடிஸ் சி சிகிச்சை

2023 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம், அம்மாவைக் கண்புரை அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் சென்றேன். அறுவைக்கு முன் எல்லாருக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ‘எச்.சி.வி. பாசிட்டிவ்’ என்று வந்தது. எச்.சி.வி. என்பது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ். அதை எங்களைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆய்வக ஊழியரோ கூடத்தின் மறுகோடியில் நின்றபடி, “அந்த பாசிட்டிவ் அம்மா யாரு? இங்க வாங்க” என்று குரல் கொடுத்தார். காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எழுந்து நடந்த அந்த இருபது அடி தூரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையால் அந்தச் சொல்லை எழுதி வட்டமிட்டு, “இதைச் சரிபண்ணிட்டு வாங்க, அப்புறம் கண்ணைப் பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றிரவு அம்மா தனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் பிரித்தெடுத்து, கழுவிக் கொல்லைப்புறத் திண்ணையில் கவிழ்த்து வைத்தார். மூன்று வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள மறுத்தார். இந்த வைரஸ் ரத்தத்தின் வழியாகப் பரவுவது. சேர்ந்து உண்பதாலோ, தொடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ தொற்றாது. சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளாமல் இருந்தால் போதும். இதை அந்த ஆய்வக ஊழியரே இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்க முடியும். சொல்லாததால் அம்மா பதினொரு நாள் தனித்தட்டில் சாப்பிட்டார்.

தொற்று எப்படி வந்திருக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல வழியில்லை என்றாலும் ஊகிக்க முடிந்தது. 1994இல் தங்கை பிறந்தபோது அம்மாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இந்த வைரஸ் கண்டறியப்பட்டதே 1989இல்தான். அதுவரை ‘ஏயும் அல்ல, பியும் அல்ல’ என்றே அந்தக் கல்லீரல் அழற்சியைக் குறிப்பிட்டு வந்தார்கள். நம் நாட்டில் தானமாகப் பெறும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமானது 2000ஆம் ஆண்டு கடந்த பிறகே. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாலும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அம்மாவுக்கு இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒருநாள்கூட மஞ்சள் காமாலை வந்ததில்லை.

செய்தி கசிந்ததும் ஆளாளுக்குக் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்பால் செய்தது, குறை சொல்லவில்லை. ஆனால் இதில் ஒரு தெளிவு வேண்டும். கீழாநெல்லியைப் பற்றி 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றியது. பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. சி என்பது முற்றிலும் வேறு வைரஸ். கீழாநெல்லியை நம்பி இன்னும் ஓராண்டைக் கடத்த நான் தயாராக இல்லை.

தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது என்பதும், அதன்கீழ் அரசு மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம் என்பதும் எனக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. எங்களுக்கு அருகிலிருந்த சிகிச்சை மையத்துக்கு இரண்டு பேருந்து மாறி மூன்று மணி நேரம் போக வேண்டும். முதல் நாளில் ஓ.பி. சீட்டு, பதிவு எல்லாம் தடங்கலின்றி முடிந்தன.

அன்று மருத்துவர் சொன்னதுதான் இந்தப் பத்து மாதத்தில் நான் கற்றவற்றில் முதன்மையானது. கண் மருத்துவமனையில் எடுத்தது எதிர்ப்பொருள் பரிசோதனை, அதாவது வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. வைரஸ் எப்போதாவது உடலுக்குள் வந்து போயிருந்தாலும் அது பாசிட்டிவ் என்றே காட்டும். தொற்று ஏற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, மருந்தே இல்லாமல், ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே நீங்கிவிடுகிறது. எனவே இப்போது ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனை, அதாவது எல்லாரும் ‘வைரல் லோடு’ என்று சொல்வது, ஒன்றுதான் காட்டும். அந்த முடிவு வரும்வரை அம்மாவை நோயாளி என்று சொல்வதற்கே ஆதாரம் இல்லை. இது தெரியாமல்தான் நாற்பது பேர் முன்னால் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ரத்தம் எடுத்தார்கள், மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். போனோம். முடிவு வரவில்லை, மாதிரி நிராகரிக்கப்பட்டிருந்தது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உரிய நேரத்துக்குள் பிரிக்கவில்லையாம். அனுப்பிய ஐந்தாம் நாளே அந்தத் தகவல் திரும்பி வந்து, ஒரு கோப்பில் செருகப்பட்டுக் கிடந்தது. பதிவேட்டில் என் கைப்பேசி எண் இருந்தும் யாரும் அழைக்கவில்லை. நான்கு பேருந்து, ஒரு நாள் சம்பளம், அறுபத்தொரு வயதானவரின் அலைச்சல் எல்லாம் வீணாயின. வைரல் லோடுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் காலையிலேயே கொடுங்கள். மாதிரி அன்றே ஆய்வகத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் விசாரியுங்கள். ஆய்வகத்தின் நேரடி எண்ணைச் செவிலியரிடம் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

இரண்டாவது மாதிரியின் முடிவு வந்தது. ஆனால் எங்கள் கைக்கு வரவில்லை. அம்மாவின் ஆதாரில் அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக இருக்கிறது. ரேஷன் அட்டை முதல் பழைய மருத்துவச் சீட்டுகள்வரை சிலவற்றில் தாத்தாவின் முன்னெழுத்து. பதிவின்போது ஊழியர் எதைப் பார்த்து எழுதினாரோ, ரிப்போர்ட்டில் தாத்தாவின் முன்னெழுத்து இருந்தது. எழுத்தர், “இனிஷியல் வேற இருக்கு, இவங்கதான் அவங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். வயது, முகவரி, கைப்பேசி எண், பதிவு எண் என நான்கும் ஒத்திருப்பதைக் காட்டினேன். உறுதிமொழிக் கடிதம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதிக் கொடுத்தபோது, அதில் அதிகாரி கையொப்பம் வேண்டும் என்றார். அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். பிற்பகல் மூன்றரை மணிக்கு, அந்த வழியாக வந்த மூத்த செவிலியர் ஒருவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நான்தானே இவங்களுக்கு ரத்தம் எடுத்தேன்” என்று கூறித் தாமே கையொப்பமிட்டு வாங்கிக் கொடுத்தார். அந்த அக்காவுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். திருமணமாகி முன்னெழுத்து மாறிய பெண்களை அழைத்துப் போகிறவர்கள், பதிவுச் சீட்டை வாங்கியவுடன் அங்கேயே நின்று ஆதாரோடு ஒப்பிட்டு, பிழையிருந்தால் அப்போதே திருத்திக்கொள்ள வேண்டும்.

வைரல் லோடு மில்லிலிட்டருக்கு 12 லட்சத்துக்கு மேல் இருந்தது. எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த எண்ணுக்கும் கல்லீரல் கெட்டிருக்கும் அளவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்று மருத்துவர் விளக்கினார். கல்லீரல் நிலையைக் கணிக்க அவர் ஒரு துண்டுக் காகிதத்திலேயே கணக்குப் போட்டார். வயது 61, கல்லீரல் நொதிகளான ஏ.எஸ்.டி. 54, ஏ.எல்.டி. 49, ரத்தத் தட்டணுக்கள் 1,62,000. இவற்றிலிருந்து வரும், கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 மதிப்பு 2.9. அது 3.25ஐத் தாண்டினால்தான் முற்றிய தழும்பு என்று கவலைப்பட வேண்டும். ஸ்கேனிலும் கல்லீரல் சுருக்கம் தெரியவில்லை. ஆகவே சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்ளாடஸ்விர் 60 மில்லிகிராம், நாளுக்கு ஒவ்வொன்று, 12 வாரம் என்று முடிவாயிற்று.

அன்றே மாத்திரை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிவு கோப்பில் இல்லை. அது இல்லாமல் தொடங்க முடியாது என்று மருத்துவர் மறுத்துவிட்டார். எனக்குக் கடும் கோபம் வந்தது. வெளியே வந்து சற்றுச் சத்தமாகவே பேசினேன். பிறகு விவரம் தெரிந்தபோது அவர் செய்தது சரி என்று புரிந்தது. இரண்டு வைரஸும் உள்ள ஒருவருக்குச் சி வைரஸை மருந்து அடக்கும்போது, ஒடுங்கிக் கிடந்த பி வைரஸ் தலைதூக்கிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடலாம். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2016இல் இதற்காகவே கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. அதேபோல் வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவற்றில் எதை உட்கொண்டாலும் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி இல்லை என்ற தாளோடு ஏப்ரல் நடுவில் மறுபடி போய், மருந்துக்கு ஒன்றாக, 28 மாத்திரைகள் கொண்ட இரண்டு டப்பாக்களை வாங்கி வந்தோம்.

அம்மா பூக்கட்டுவார் என்று தெரிந்ததும் அந்த மருத்துவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. வைரஸ் தன் மரபுச் சரத்தைப் பூச்சரம்போல ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகிறது. சோஃபோஸ்புவிர் அந்தப் பூவைப் போலவே தோற்றம் காட்டி உள்ளே நுழைகிறது. ஆனால் அதற்கு மேல் அடுத்த பூவை வைத்து முடிச்சுப் போட முடியாது, சரம் அங்கேயே நின்றுவிடும். “அப்ப அதுக்கு முழம் நீளாது” என்றார் அம்மா. டக்ளாடஸ்விர் வைரஸுக்குத் தேவையான இன்னொரு புரதத்தைத் தடுக்கிறது. எச்.ஐ.வி.யைப் போலவோ ஹெபடைடிஸ் பியைப் போலவோ இந்த வைரஸ் செல்லின் உட்கருவுக்குள் போய்ப் பதுங்குவதில்லை. அதனால்தான் இதை முழுமையாக ஒழிக்க முடிகிறது. முன்பு இண்டர்ஃபெரான் ஊசியோடு ஓராண்டுவரை காய்ச்சலும் சோர்வுமாகக் கிடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் குணமானார்கள். 2013 இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். அடுத்த ஆண்டே இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றதால் இங்கே விலை இறங்கியது. அந்த மாத்திரையை அம்மா மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார்.

தினமும் காலைக் காபிக்குப் பின் தினசரி நாட்காட்டியில் தேதித் தாளைக் கிழிப்பது அம்மாவின் பழக்கம். அந்தத் தாளிலேயே மாத்திரைகளை வைத்து எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளை மடித்து ஒரு டப்பாவில் சேர்த்தார். மொத்தம் 84 தாள்கள் சேர வேண்டும். முதல் வாரம் லேசான தலைவலி. வேறு தொந்தரவு இல்லை.

தொந்தரவு மருந்து வழங்கும் இடத்தில் வந்தது. இரண்டாம் தவணை மாத்திரை வாங்க, கையில் இரண்டு நாள் மாத்திரை இருக்கும்போது போனேன். “ஸ்டாக் இல்லை, வியாழக்கிழமை வாங்க” என்றார்கள். அன்று திங்கள். இடையில் ஒரு நாள் மாத்திரை விட்டுப்போகும் என்று சொன்னேன். “ஒரு நாள்தானே” என்று பதில் வந்தது. நான் நகராமல் நின்று, மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றேன். அவர் எழுதிக் கொடுத்ததும், இருப்பில்லை என்று சொன்ன அதே அலமாரியிலிருந்து ஏழு நாளுக்கான மாத்திரை வந்தது. தீர்வதற்கு ஐந்து நாள் முன்னதாகவே போய்விடுங்கள். ‘இல்லை’ என்ற சொல்லோடு திரும்பாமல் மருத்துவரின் எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் தவணையை அப்படித்தான் சிக்கலின்றி வாங்கினேன்.

ஜூலை தொடக்கத்தில் மாத்திரை முடிந்தது. குணமானதா என்று அறிய அன்றிலிருந்து 12 வாரம் காத்திருந்து மீண்டும் ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும். பலர் மாத்திரை தீர்ந்ததும் போவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று செவிலியர் வருத்தப்பட்டார். அக்டோபரில் முடிவு வந்தது: வைரஸ் கண்டறியப்படவில்லை. அம்மா அதைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத ஆங்கில எழுத்தின்மேல் விரலை வைத்து, “இதுதான் ‘இல்லை’ன்னு இருக்கா?” என்று கேட்டார். தங்கை வீட்டுக்குப் போனதும் பேத்தியைத் தூக்கிக்கொண்டார்.

ஆனால் நவம்பரில் கண்புரைக்காக அதே இடத்துக்குத் திரும்பிப் போனபோது, மறுபடியும் அட்டைப் பரிசோதனை செய்து, மறுபடியும் இரண்டு கோடு விழுந்து, மறுபடியும் சிவப்பு மையை எடுத்தார்கள். எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் ரத்தத்தில் இருக்கும். குணமான பிறகும் அந்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றே சொல்லும். ஊழியரிடம் ஆர்.என்.ஏ. முடிவைக் காட்டினேன். “எங்க டெஸ்ட்ல வருதே” என்றார். இந்த முறை நான் கெஞ்சவில்லை. கண் மருத்துவரிடமே நேராகப் போய்த் தாள்களை வரிசையாக மேசையில் வைத்தேன். அவர் இரண்டு நிமிடம் படித்தார். வைரஸ் இருந்திருந்தாலும் வழக்கமான பாதுகாப்பு முறைகளோடு அறுவை செய்திருக்க வேண்டும், ஜனவரியில் திருப்பி அனுப்பியதே தவறு என்று ஒப்புக்கொண்டு, ஆய்வக ஊழியரை அழைத்து அவர் முன்னிலையிலேயே சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, ‘சிகிச்சை முடிந்தது, ஆர்.என்.ஏ. இல்லை’ என்று நீல மையால் எழுதிக் கையொப்பமிட்டார்.

அந்தத் தாளையும் அக்டோபர் முடிவையும் நான்கு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அம்மாவின் ஆதார் உறையிலும் ஒன்றைத் தங்கை வீட்டிலும் வைத்திருக்கிறோம். இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லாததால் மறுதொற்று வர வாய்ப்பு உண்டு. ஆகவே ஊசி, பல் சிகிச்சை என்று எங்கே போனாலும் புதிய ஊசியா, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்தார்களா என்று அம்மாவே இப்போது கேட்கிறார். வலக்கண் அறுவை டிசம்பரில் முடிந்தது. இடக்கண்ணுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம்.