சின்ன நாட்டில் பெரிய ஹிட்

ஐஸ்லாந்தின் யோயிபியே, க்ரோலி என்ற ராப் ஜோடி பதின்ம வயதிலேயே 2017ல் 'போபா' பாட்டால் நாட்டின் முதலிடத்துக்கு வந்தது. அதே ஆண்டு ஓர் ஆல்பம், அடுத்த ஆண்டே இன்னொன்று. வேகம் சரிதான். ஆனால் அப்போது நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 3.4 லட்சம். ஐஸ்லாந்து மொழியில் ராப் பாடினால் கேட்க ஆள் அவ்வளவுதான்! ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 வினாடியாவது கேட்டால்தான் கணக்கில் ஏறும். இன்ட்ரோவை இழுத்தால் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார், காசும் போச்சு. அங்கே ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பினால் வாடகைகூடத் தேறாது, மேடைதான் சோறு போடும். அதிலும் வருவது அதே முகங்கள் என்பதால் பாட்டு சீக்கிரம் புளித்துவிடும். பாடல் ஒலிப்பதிவுச் செலவில் 25% வரை அரசு திருப்பித் தரும் திட்டம் இருப்பது பெரிய ஆறுதல். ரசீதைத் தொலைத்தால் அதுவும் கோவிந்தா.