வண்டி போகலாம் என்று கையெழுத்துப் போடுகிறவன்

ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயல் வேலை உச்சத்துக்குப் போவது குளிர்காலத்தில். வளைகுடாவில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு வந்த எனக்கு இது பிடிபடவே கொஞ்ச காலம் ஆனது. மைனஸ் 30 டிகிரியில் வெளியே நிற்பதே பெரும்பாடு, அந்த நேரம் பார்த்தா இத்தனை இயந்திரங்களையும் காட்டுக்குள் கொண்டுபோகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். காரணம் தரையில் இருக்கிறது. மாகாணத்தின் வடக்குப் பகுதியில் மஸ்கெக் எனப்படும் சதுப்பு நிலம் அதிகம். கோடையில் அதில் லாரி இறங்கினால் புதைந்துவிடும். உறைந்து இறுகிய பிறகுதான் கனரக வண்டிகள் அதன் மேல் போக முடியும். மார்ச் வாக்கில் தரை இளகத் தொடங்கியதும் சாலைகளில் அச்சு எடைக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். கிணறு தோண்டும் ரிக்குகள் நின்றுவிடும், வண்டிகள் யார்டுக்குத் திரும்பும். ஸ்பிரிங் பிரேக்கப் என்று இந்தக் காலத்தைச் சொல்வார்கள். களத்தில் இருப்பவர்களுக்கு அது ஓய்வு. ஷாப் எனப்படும் பழுதுபார்க்கும் பணிமனையில் இருக்கும் எங்களுக்கு அப்போதுதான் வருடத்தின் பெரிய வேலை. குளிர்காலம் முழுக்க அடி வாங்கிய இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான் மேற்பார்வை செய்வது ஃப்ரேக்கிங் பம்புகளின் பராமரிப்பை. எட்மன்டனிலிருந்து வடமேற்கே, 43ஆம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 450 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராண்ட் பிரெய்ரியில் எங்கள் ஷாப். மான்ட்னி பாறை அடுக்கில் தோண்டும் கிணறுகளுக்கு இங்கிருந்துதான் வண்டிகள் போகும். தண்ணீரையும் மணலையும் கலந்து பாறை பிளக்கும் அளவு அழுத்தத்தில் கீழே செலுத்துவதுதான் அந்த வண்டிகளின் வேலை. ஒரு பம்புக்கு 2,500 குதிரைத்திறன் வரை இருக்கும். பம்பும் குழாய்களும் 15,000 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும்படி செய்யப்பட்டவை. கார் டயரில் நாம் நிரப்புவது 32, 35 பி.எஸ்.ஐ.தான்.

இந்த வேலைக்கு வர விரும்பும் நம் பையன்கள் அடிக்கடி போன் செய்வார்கள். "அண்ணா, மெக்கானிக்கல் டிகிரி இருக்கு, அஞ்சு வருஷ அனுபவம் இருக்கு. நேரா சூப்பர்வைசரா சேர முடியுமா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. முடியாது என்று சொல்வதில்லை. ஆனால் இங்கே படிப்புக்கும் ஷாப் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை முதலில் புரிந்துகொள்ளச் சொல்வேன். இந்த மாகாணத்தில் உரிமம் இல்லாமல் இன்ஜினியர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு அபெகா என்ற அமைப்பில் பதிவு செய்து, தொழில்நெறித் தேர்வு எழுத வேண்டும். கனரக இயந்திர மெக்கானிக் வேலையும் அப்படித்தான். ஹெவி எக்விப்மென்ட் டெக்னீஷியன் என்பது ஆல்பர்ட்டாவில் சான்றிதழ் கட்டாயமான தொழில். அப்ரென்டிஸாகச் சேர்ந்து நான்கு வருடம் வேலையும் வகுப்புமாகக் கற்க வேண்டும், அல்லது முன் அனுபவத்தை நிரூபித்துத் தேர்வை நேரடியாக எழுத வேண்டும். மாகாணங்களுக்குப் பொதுவான ரெட் சீல் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால் கனடா முழுக்கச் செல்லும்.

ரெட் சீல் வைத்திருக்கும் மூத்த மெக்கானிக்கிடம் போய், நான் பட்டதாரி, நான் சொல்வதைக் கேள் என்றால் எடுபடாது. எட்மன்டனுக்குத் தெற்கே லெடுக் பக்கத்தில் 1947 பிப்ரவரி 13 அன்று எண்ணெய் வந்ததிலிருந்து இந்த ஊர்க் குடும்பங்கள் இதிலேயே இருக்கின்றன. அப்பாவும் தாத்தாவும் ரிக்கில் நின்றவர்கள் என்று சொல்லும் ஆட்கள் என் ஷாப்பிலேயே உண்டு. காலையில் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் என்ற பாதுகாப்புக் கூட்டத்தில் அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். பிறகு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாம் போய் நின்றால் சொல்வார்கள். அதனால் மேசையில் உட்காருவதற்கு முன்னால் ஷாப்பில் வண்டி நிற்கும் ஒவ்வொரு இடமாக நடந்து வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் இருக்கும் வொர்க் ஆர்டரில் பாதிதான் தெரியும். மீதி அந்த நடையில் தெரியும்.

சரி, வேலைக்கு வருகிறேன். பம்பில் பவர் எண்ட், ஃப்ளூயிட் எண்ட் என்று இரண்டு பகுதி. பவர் எண்டில் கிராங்க் ஷாஃப்டும் பேரிங்குகளும். எண்ணெய் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதன் உடல்நிலை ஓரளவு தெரிந்துவிடும். சிலிக்கன் ஏறினால் வெளியிலிருந்து தூசி போகிறது, செம்பு ஏறினால் பேரிங் தேய்கிறது, சோடியம் ஏறினால் கூலன்ட் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். ஃப்ளூயிட் எண்ட் கதை வேறு. மணல் கலந்த தண்ணீர் அதன் வழியாகத்தான் போகிறது. வால்வ், அது உட்காரும் சீட், கசிவைத் தடுக்கும் பேக்கிங் எல்லாம் தேய்ந்துகொண்டே இருக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது போக, அழுத்தம் ஏறி ஏறி இறங்குவதால் உள்ளே துளைகள் சந்திக்கும் மூலையில் உலோகம் களைத்து விரிசல் விடும். இந்த விரிசல் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

குழாய்களை இங்கே எல்லோரும் அயர்ன் என்பார்கள். பம்ப் நின்றால் பணம்தான் போகும், அயர்ன் பிரிந்தால் ஆளே போய்விடுவார். குழாய்களை இணைக்கும், சுத்தியலால் அடித்து இறுக்கும் ஹேமர் யூனியன்களில் 602, 1502 என்று வகைகள் உண்டு. முதலாவது 6,000 பி.எஸ்.ஐ.க்கு, அடுத்தது 15,000க்கு. இரண்டு அங்குல அளவில் இந்த இரண்டு வகையின் பாதிகளும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். இறுகியது போலவே இருக்கும். அழுத்தம் ஏறும்போது மரை வழுக்கி, குழாய் பிய்த்துக்கொண்டு பறக்கும். இதனால் இந்தத் தொழிலில் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் எங்கள் யார்டில் 602 வகையை வைத்துக்கொள்வதே இல்லை. வெளியிலிருந்து வாடகைக்கு வரும் ஒவ்வொரு துண்டையும் சரியான வகையா என்று காட்டும் கோ, நோ-கோ கேஜ் வைத்துப் பார்த்த பிறகே ரேக்கில் ஏற்றுவோம். அல்ட்ராசோனிக் கருவியால் சுவர்த் தடிமன் அளந்து, அழுத்தச் சோதனை முடித்து, தேதி போட்ட பட்டை கட்டிய துண்டு மட்டும்தான் வெளியே போகும். பட்டை இல்லாத துண்டு எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி, எடுக்கக் கூடாது.

இந்த வேலையின் சாரம் என்று நான் நினைப்பது ரெட் டேக். பழுது என்று சந்தேகப்படும் இயந்திரத்தில் சிவப்பு அட்டை கட்டுவது. எங்கள் ஷாப்பில் அதை யார் வேண்டுமானாலும் கட்டலாம், நேற்றுச் சேர்ந்த அப்ரென்டிஸ் உட்பட. அதை அவிழ்க்க சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். ஒரு ஜனவரி இரவில், விடியற்காலை களத்துக்குப் போக வேண்டிய பம்பில் ஒரு இளம் மெக்கானிக் சிவப்பு அட்டை கட்டிவிட்டான். ஃப்ளூயிட் எண்டில் லேசாக ஈரம் கசிந்திருந்தது, விரிசலாக இருக்கலாம் என்றான். ஆபரேஷன்ஸ் பக்கத்திலிருந்து போன் மேல் போன். பேக்கிங்கில் கொஞ்சம் கசிந்திருக்கும், அனுப்பிவிடு, களத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நான் அனுப்பவில்லை. சுத்தம் செய்து, விரிசலைக் காட்டிக்கொடுக்கும் காந்தத்துகள் சோதனை போட்டோம். விரிசல் இல்லை. பேக்கிங்தான்.

வண்டி தாமதமாகத்தான் போனது, வாடிக்கையாளரிடமிருந்து புகாரும் வந்தது. மறுநாள் கூட்டத்தில் அந்தப் பையன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எல்லோர் முன்னிலையிலும் அவனிடம், நீ கட்டியது சரி, மறுபடி இப்படிப் பார்த்தால் மறுபடி கட்டு என்று சொன்னேன். அன்றைக்கு அவனைக் கடிந்திருந்தால், அடுத்த முறை உண்மையான விரிசலைப் பார்க்கிறவன் அட்டையைக் கையில் எடுத்துவிட்டு யோசிப்பான். அந்த யோசனை வரவே கூடாது. சூப்பர்வைசருக்குச் சம்பளம் கொடுப்பதே, மேலிருந்து வரும் அவசரம் கீழே அந்தப் பையன் கை வரைக்கும் போகாமல் தடுப்பதற்குத்தான் என்பது என் எண்ணம்.

சட்டமும் இதற்குத் துணையாக இருக்கிறது. ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை ஆல்பர்ட்டாவில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. பழுது பார்க்கும்போது இயந்திரம் ஓடாதபடி பூட்டிவைக்கும் லாக் அவுட் விதிகள் தொழில் பாதுகாப்பு விதித்தொகுப்பின் 15ஆம் பகுதியில் இருக்கின்றன. இயந்திரத்தில் கை வைக்கும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும், போட்டவரே எடுக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றால் அவரைத் தொடர்புகொண்டு, ஆள் உள்ளே இல்லை என்று உறுதி செய்து, அதற்கென்று பொறுப்புக் கொடுக்கப்பட்டவர்தான் எடுக்கலாம். அதிகாரி சொன்னால் கேள்வி கேட்காத பழக்கத்தில் வளர்ந்து வருகிற நம்மவர்களுக்கு இது கைவர நாளாகிறது. புதிதாக வரும் தமிழ்ப் பையன்களிடம் இதைத்தான் முதலில் உட்காரவைத்துப் பேசுவேன்.

அப்புறம் ஹைட்ரஜன் சல்ஃபைடு (எச்-டூ-எஸ்) என்ற நச்சு வாயு. களத்துக்குப் போகும் எவரும் எச்-டூ-எஸ் அலைவ் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு. 100 பங்கு வாக்கில் மூக்கு வாசனையை இழந்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்பதுதான் அங்கே மிகப் பெரிய ஆபத்து. காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தேங்கும்.

குளிரைப் பற்றி வருகிறவர்கள் நிறைய கேட்பார்கள். உடுப்புக்குப் பழகிவிடலாம். இயந்திரத்துக்குத்தான் பழக்கம் என்று ஒன்று கிடையாது. மைனஸ் 40-இல் ரப்பர் ஹோஸ் விறைத்து உடையும், ஓ-ரிங் இறுகிக் கசியும், கோடை டீசல் மெழுகுபோல் உறைந்து ஃபில்டரை அடைக்கும். வேலை முடிந்ததும் ஃப்ளூயிட் எண்டில் இருக்கும் தண்ணீரைக் காற்று அடித்து வெளியேற்றி, மெத்தனால் விட வேண்டும். மறந்தால் உள்ளே உறையும் பனிக்கட்டியே அந்தப் பெரிய எஃகுக் கட்டியைப் பிளந்துவிடும். இரவு முழுக்க எஞ்சின்களை ஓடவிட்டே வைத்திருப்பதும் இதனால்தான். வளைகுடாவில் நான் மணலோடும் வெப்பத்தோடும் போராடினேன், ஏர் ஃபில்டரும் ரேடியேட்டரும்தான் அங்கே கவலை. இங்கே ஹீட்டர், பேட்டரி, எரிபொருள். பராமரிப்பு அட்டவணையைப் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது.

சுழற்சி முறையில் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. குடும்பம் எட்மன்டனில். பள்ளியும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கட்டும் என்று அங்கே வைத்தோம். டொராண்டோ அளவுக்கு இல்லை என்றாலும் வார இறுதியில் பிள்ளைகள் தமிழ் பேச ஆட்கள் உண்டு. முதல் குளிர்காலத்தைத் தனியாகத் தாங்கியவள் என் மனைவி. இரவில் கார் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் செருகுவது, வீட்டு முன் நடைபாதையில் பனி அள்ளுவது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது எல்லாமே அவள். நான் கேம்ப் அறையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தத் தொழிலில் சம்பளம் நல்லது என்பது உண்மை. அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டில் இருப்பவர்கள்தான் உழைத்துக் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. வர நினைப்பவர்கள் இதைக் கணவன் மனைவி இருவருமாக உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும்.

விலை விழும் காலமும் உண்டு. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30-க்கும் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழேயே போய்விட்டது. அந்தக் காலங்களில் ஆட்களை அனுப்பிவிடுவார்கள், வண்டிகளை வேலிக்குள் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். புது உதிரிப்பாகம் வாங்கப் பணம் இருக்காது, நிற்கும் வண்டியிலிருந்து கழற்றி ஓடும் வண்டியில் போடுவார்கள். போடட்டும், வேறு வழியில்லை. ஆனால் எதை எங்கிருந்து கழற்றினோம், அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதிவைக்காவிட்டால், விலை திரும்பி வேலை வரும்போது அந்த வண்டி நம்பிக்கைக்கு உரியதாக இருக்காது. ஆள் குறைந்த ஷாப்பில் அந்த ஏட்டை விடாமல் எழுதவைப்பதற்கு நான் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. மீண்டும் வேலை வந்தபோது எங்கள் வண்டிகள் சீக்கிரம் வெளியே போனதற்கு அந்த ஏடுதான் காரணம்.

இப்போது டீசலோடு இயற்கை எரிவாயுவையும் எரிக்கும் பம்புகள் வந்துவிட்டன, மின்சாரத்தில் ஓடுபவையும் வருகின்றன. சென்சார், கன்ட்ரோலர், மென்பொருள் தெரிந்த மெக்கானிக் தேவைப்படுகிறார். நம் பையன்களுக்கு இதில் நல்ல இடம் இருக்கிறது. சிவப்பு அட்டை கட்டிய அந்த இளைஞன் இந்த பிரேக்கப்பில் அப்ரென்டிஸ் வகுப்புக்குப் போகிறான். அவன் இடத்தில் சில வாரங்களுக்கு ஒரு தமிழ்ப் பையனை எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவனுக்கு அயர்ன் ரேக்கில் வேலை, கேஜ் பிடிப்பதிலிருந்து ஆரம்பம்.