தாளைக் கிழித்துப் பார்க்கிறவர்

தனியாளாகப் பதிப்பகம் நடத்துகிறவரை சென்னை ஆண்டர்சன் தெருப் பேப்பர் கடைகளில் சட்டென்று அடையாளம் தெரியும். வாங்குவது 3 ரீம்; ரீம் என்றால் 500 தாள். அதற்குள் தாளைக் கிழிப்பார், எச்சில் தொட்டுத் தடவுவார். கிறுக்கு என்று பேர் வந்துவிடும். அந்தக் கிறுக்கு இருந்தால்தான் புத்தகம் ஒழுங்காக வரும்.

கணக்கு எளிது. டெம்மி என்கிற புத்தக அளவில் 160 பக்கம் என்றால், சேர்த்து அச்சடித்து மடிக்கும் 16 பக்கத் தொகுதியான பாரம் 10. 23-க்கு 36 அங்குல டபுள் டெம்மி தாளில் இரண்டு பாரம் அடங்கும், ஆக பிரதிக்கு 5 தாள். 300 பிரதிக்கு 1,500 தாள், அதாவது 3 ரீம். மெஷின் செட்டாகும்வரை வீணாவதற்கு மேற்கொண்டு கால் ரீமாவது வேண்டும். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ என்கிற அச்சுத்தாள் ரீம் 18.7 கிலோ, எல்லாம் ஒரே மீன்பாடி வண்டியில் ராயபுரம் வந்து சேர்ந்துவிடும்.

கிழிப்பது நார் பார்க்க, அதாவது தாளின் இழை எந்த வாக்கில் ஓடுகிறது என்று அறிய. நாரோடு கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். ஒரு பக்கம் ஈரம் தடவிய துண்டு, நார் ஓடும் வாக்கில் குழல்போலச் சுருளும். டெம்மிக்கு நார் 36 அங்குல வாக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக விழும். மாறி விழுந்தால், ஐப்பசி மழையில் ஈரம் குடித்த தாள் மேலும் கீழுமாக விரியப் பார்க்கும். முதுகையோ பசை இறுகப் பிடித்திருக்கும். விளைவு, முதுகோரம் அலையலையாக நெளியும். விரித்துவைத்த பக்கம் படியவே படியாது. அச்சான பிறகு இதற்கு வைத்தியம் கிடையாது. அட்டைக்கும் இதே பாடுதான்: லேமினேஷன் வெளிப்பக்கம் மட்டும் என்பதால் உள்பக்கம் ஈரம் வாங்கி விரியும், அட்டை வெளியே மடங்கி நிற்கும்.

அச்சுக்கு முன் பிழை பார்க்கும் மெய்ப்பில் கண்ணை ஏமாற்றுவது ‘ௌ’. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது அது ‘ெ’, ‘ள’ என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வரி முடிவில் மட்டும் ‘பெ’ மேலேயும் ‘ளர்ணமி’ கீழேயுமாகப் பௌர்ணமி உடையும். இறுதி மெய்ப்பைத் தாளில் எடுத்து வரியோரங்களைத் தனியாக ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

டிசம்பரில் டைரி, காலண்டர் வேலையோடு ஜனவரிப் புத்தகக் காட்சி அவசரமும் சேர்ந்துகொள்ளும். சின்ன ஆர்டர் கடைசிக்குத் தள்ளப்படும். அவசரத்தில் பசை ஆறுமுன் வெட்டிய புத்தகம் தாள் தாளாகக் கழன்றுவரும். அக்டோபரிலேயே கோப்பைக் கொடுத்துவிடுவது உத்தமம்.

வந்த கட்டுகளைத் தரையில் வைக்கக் கூடாது. 2023 மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. சுவரிலிருந்து அரை அடி தள்ளி, இடுப்புயரப் பலகைமேல் அடுக்க வேண்டும். அடுக்குமுன் சட்டப்படி கொடுக்க வேண்டிய பிரதிகளை எடுத்து வைத்துவிடலாம். வெளிவந்த 30 நாளுக்குள் கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று போயாக வேண்டும்.