ஜெய்ப்பூர் மாளிகைப் புல்வெளியில் உழைப்பாளர்கள்

தில்லிக்குக் குடிவந்த ஐந்தாவது மாதத்தில்தான், இந்தியா கேட் வட்டத்தில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடத்துக்கு முதன்முதலாகப் போனேன். அது ஜனவரி மாதம். ராமகிருஷ்ணபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் பத்து நாட்களாக வெயிலே விழவில்லை. கும்பகோணத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக இங்கேயே இருக்கும் கீழ்வீட்டு மாமிதான், "ஞாயித்துக்கிழமை வெயில் வந்தா வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்காதேம்மா, எங்கயாவது புல்தரையில போய் உக்காரு, இந்த ஊர்ல குளிர்காலத்தை அப்படித்தான் தாண்டணும்" என்று சொல்லி அனுப்பினார். எங்கள் பகுதியிலேயே இருக்கும் முருகன் கோயிலான மலை மந்திருக்கு வாரந்தோறும் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே காதில் தமிழ் விழும். படியிறங்கிச் சாலைக்கு வந்ததும் அந்தத் தமிழ் நின்றுபோவது, போகாமலே இருந்திருக்கலாமோ என்று எண்ண வைக்கும்.

கலைக்கூடம் இயங்கும் ஜெய்ப்பூர் மாளிகை, ஜெய்ப்பூர் மன்னரின் தில்லி இல்லமாக 1936-இல் கட்டப்பட்டது. நடுவில் ஒரு குவிமாடமும் இருபுறமும் விரிந்த சிறகுகளுமாக, வண்ணத்துப்பூச்சியின் அமைப்பில் இருக்கிறது. 1954-இல் இங்கே கலைக்கூடம் தொடங்கப்பட்டபோது நடந்த முதல் கண்காட்சியே சிற்பங்களின் கண்காட்சிதான் என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டதோ வெயில் மட்டுமே. சீட்டு வாங்கிக்கொண்டு, கட்டடத்துக்குள் நுழையாமல், சிற்பங்கள் நிற்கும் புல்வெளிப் பக்கமாக நடந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சென்னையில் இருப்பதைப் போலவே அங்கேயும் ஓர் உழைப்பாளர் சிலை இருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணி. வாலாஜா சாலை கடற்கரையைத் தொடும் இடத்தில் நிற்கும் அந்தச் சிலையின் பெயரை நடத்துநர் உரக்கச் சொன்னால், எனக்கு வீடு வந்துவிட்டது என்று பொருள். 1959-ஆம் ஆண்டு, குடியரசு நாளுக்கு முந்தைய நாள் அங்கே திறந்து வைக்கப்பட்டது அது. அதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1923-இல் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியதை, அச்சகத்தில் வேலை பார்த்த என் அப்பா ஆண்டுதோறும் மே முதல் நாளன்று எங்களுக்குச் சொல்வார். இத்தனை இருந்தும், இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அந்தச் சிலையின் அருகே போய் நின்றதில்லை. பேருந்துச் சன்னலிலிருந்து தெரியும் ஒரு கருத்த உருவமாகவே, இறங்க வேண்டிய இடத்தின் அடையாளமாகவே அது எனக்கு இருந்திருக்கிறது.

இங்கே அவசரம் ஏதுமில்லை, சுற்றி வரலாம். நான்கு ஆண்கள், ஒரு பெரும்பாறை, அதை நெம்பும் கழி. நால்வரும் ஒரே பாறையைத்தான் நகர்த்துகிறார்கள் என்றாலும், நான்கு உடல்களும் ஒன்றுபோல் வளையவில்லை. தோளில் தொடங்கும் விசை இடுப்பு வழியாக இறங்கித் தரையில் ஊன்றிய பாதம் வரைக்கும் போய்ச் சேர்வதை ஒவ்வோர் உடலிலும் தனித்தனியாகப் பின்தொடர முடிந்தது. பின்புறம் போய் நின்றபோதுதான், சென்னையில் அவர்களுடைய முதுகுகளை நான் பார்த்ததே இல்லை என்பது உறைத்தது. முகத்தைக் காட்டிலும் முதுகில்தான் அந்த வேலையின் கடுமை முழுதாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். பாறை நகர்ந்ததாகச் சிற்பி காட்டவில்லை. நகரப்போகிறது என்று நம்பும் உடல்களை மட்டும் வெண்கலத்தில் நிறுத்தியிருக்கிறார்.

அவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இன்றைய வங்கதேசத்தில் உள்ள ரங்பூர்ப் பகுதியில் 1899-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர்; ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கேயே தங்கிக் கற்பித்தார். பிற்காலத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே. சி. எஸ். பணிக்கர் அவருடைய மாணவர். உழைப்பாளர் சிலைக்கு அந்தப் பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும்தான் மாதிரியாக நின்றார்கள் என்று சென்னையில் சொல்வார்கள். ஒரு வங்காளி, தமக்குப் பழக்கமில்லாத மொழி பேசும் ஊருக்கு வந்து, அங்கே தம் கண்முன் நடமாடியவர்களின் தோளையும் முதுகையும் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார். நானோ ஐந்து மாதங்களாக, மொழி புரியவில்லை என்பதைக் காரணமாக வைத்துக்கொண்டு, எங்கள் தெருவில் காய்கறி வண்டி தள்ளி வருபவரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் இருந்தேன். புல்லில் உட்கார்ந்து நெடுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றச் சிற்பங்களை அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, சர்தார் படேல் சாலையில் இருக்கும் கியாரா மூர்த்திக்குப் போனேன். முன்னே காந்தி கோலூன்றி நடக்க, பத்துப் பேர் பின்தொடரும் தண்டி யாத்திரைச் சிற்பம்; பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் இருந்த அதே ஊர்வலம். அலுவலகம் போகும் வழியில் நாள்தோறும் பேருந்திலிருந்து கண்ட இதுவும் ராய் சௌத்ரியின் கைவேலை. மெரினாவில் நடக்கும் காந்தியும் அவர் செய்தவர்தான். இங்கும் சன்னல் வழியாகவே இத்தனை நாள் கடந்திருக்கிறேன் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. சாலையைக் கடந்து போய், பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஜெய்ப்பூர் மாளிகையில் எடுத்த படங்களை அன்றிரவே அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். "இது நம்ம சிலையாச்சே, அங்க எப்படிம்மா?" என்று கேட்டவர், பின்புறம் எடுத்த படத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் போன இடத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார். கடலின் பக்கம் போய் நின்று எடுத்திருக்கிறார்; நான்கு முதுகுகளும், அவற்றுக்கு அப்பால், கூட்டமில்லாத முதல் பேருந்து வாலாஜா சாலையில் திரும்புவதும் அதில் தெரிந்தன.